முன்சக்கரமா, வால்சக்கரமா? கொங்கு மண்ணில் விமானம் கட்டுவோர் யோசிக்க வேண்டியவை

சொந்தக் கையால் ஒரு சிறு விமானம் கட்டிப் பறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கோவைப் பக்கம் இருக்கத்தான் செய்கிறார்கள். லேத்தும் வெல்டிங்கும் ஃபவுண்டரியும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கிற ஊரில் இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. அவர்களோடு பேச்சைத் தொடங்கினால் முதலில் எஞ்சின் வரும், அப்புறம் விலை, அப்புறம் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் அனுமதி. மூன்றாவது சக்கரத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வரும், அதுவும் அழகு பற்றிய பேச்சாக. வால் தரையைத் தொட, மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கும் விமானம் பார்க்க அழகு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தச் சிறிய சக்கரம் இருக்கும் இடம்தான், தரையைத் தொட்ட பிறகு வரும் அரை நிமிடம் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. சிறு விமானங்கள் பல அடிபடுவதும் அந்த அரை நிமிடத்தில்தான்.

அடிப்படையைப் பார்த்துவிடுவோம். மூன்றாவது சக்கரம் மூக்கின் கீழ் இருந்தால் முன்சக்கர விமானம், வாலின் கீழ் இருந்தால் வால்சக்கர விமானம். இரண்டு வகையிலும் இறக்கைக்கு அடியில் இரண்டு பிரதான சக்கரங்கள் உண்டு. விமானத்தின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி எடைமையம். வால்சக்கர விமானத்தில் பிரதான சக்கரங்கள் எடைமையத்துக்கு முன்னால் இருக்கும். முன்சக்கர விமானத்தில் பின்னால் இருக்கும். மற்ற எல்லா வேறுபாடும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

டிராக்டர் டிரெய்லரை முன்னுக்கு இழுத்தால் அது தானே நேராக வரும். அதையே ரிவர்ஸில் தள்ளினால் சிறு கோணல் விழுந்தாலும் மடங்கிக்கொண்டு போகும். முன்சக்கர விமானம் இழுக்கப்படும் டிரெய்லர். எடை முன்னால் ஓட, உராய்வு பின்னால் இருந்து பிடிப்பதால், கோணலாகத் தரையைத் தொட்டாலும் ஓடுகிற திசைக்கு அது தானே திரும்பிக்கொள்ளும். வால்சக்கர விமானத்தில் உராய்வு முன்னால் பிடிக்கிறது, எடை பின்னால் இருந்து தள்ளுகிறது. கோணல் விழுந்தால் அதைக் கூட்டுவதுதான் அதன் இயல்பு; குறைப்பது, வாலிலுள்ள சுக்கானைப் பெடலால் திருப்பும் விமானியின் கால் வேலை.

அந்தக் கால் வேலை தவறினால் வருவதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். 40 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் தொட்டாயிற்று, எல்லாம் நேராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறையக் குறைய சுக்கானின் மேல் ஓடும் காற்றும் குறைந்து அதன் பிடி தளர்கிறது. வால்சக்கரத்தின் மேல் இன்னும் முழு எடை இறங்கவில்லை, அதனால் அதற்கும் பிடி போதவில்லை. இந்த இடைவெளியில் வலப்பக்கத்திலிருந்து ஒரு காற்று வால் துடுப்பைத் தள்ளுகிறது. மூக்கு வலப்பக்கம் ஐந்து டிகிரி திரும்புகிறது. எடைமையமோ இன்னும் பழைய திசையிலேயே போகப் பார்க்கிறது. அது இடது சக்கரத்தின் மேல் சாய்ந்து வாலை வெளிப்பக்கம் வீசுகிறது. ஐந்து டிகிரி பதினைந்தாகிறது. விமானி முழுக் காலையும் எதிர்ப்பக்கம் அழுத்துகிறார், ஆனால் பதினைந்து டிகிரிக்கு மேல் போனதைச் சுக்கான் மட்டும் மீட்காது. இடது இறக்கை தாழ்கிறது, நுனி தரையைக் கீறுகிறது, பக்கவாட்டு விசையில் சக்கரக் கால் மடிகிறது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை மூன்று நான்கு விநாடிகள்தான். ஆளுக்கு அடிபடுவது அரிது. வருடக்கணக்கில் ரிவெட் அடித்த இறக்கை போய்விடும்.

இதைத் தவிர்க்கத் தெரிந்தவர்கள் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு சிறு மிதி, உடனே நடுநிலை, மறுபக்கம் ஒரு சிறு மிதி என்று கோணல் ஒரு டிகிரியாக இருக்கும்போதே கால்கள் வேலை செய்துகொண்டே இருக்கும். தொட்ட பிறகு, மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியான ஸ்டிக்கை முழுவதும் பின்னுக்கு இழுத்து வால்சக்கரத்தைத் தரையில் அழுத்தி வைத்திருப்பார்கள். விமானம் நின்று எஞ்சின் அணையும் வரை தரையிறக்கம் முடியவில்லை என்பது அவர்கள் வழக்கு.

துள்ளலிலும் இதே கதைதான். பிரதான சக்கரங்கள் சற்று வேகமாகத் தரையில் மோதினால், பின்னால் இருக்கும் எடை வாலைக் கீழே இழுக்கும். வால் இறங்கினால் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும், தூக்குவிசை கூடும், விமானம் மறுபடி மேலே எழும், அதுவும் வேகம் போதாத நிலையில். முன்சக்கர விமானத்தில் அதே மோதல் மூக்கைக் கீழே இறக்கும். கோணம் குறையும், தூக்குவிசை செத்துவிடும், விமானம் தரையில் உட்காரும். புதிதாகக் கற்பவருக்கு இந்த ஒரு குணம் எவ்வளவு பெரிய காப்பு என்பதை விமானப் பயிற்றுநர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

அப்படியானால் வால்சக்கரம் ஏன் அத்தனை காலம் ஆட்சி செய்தது? ஆரம்பகால விமானத் தளங்கள் புல்வெளிகள். பிரேக் கிடையாது, வாலில் இருந்த கட்டையே தரையைக் கீறி வேகத்தைக் குறைத்தது. வட்டமான புல்தரையில் காற்று எந்தப் பக்கம் வீசினாலும் அதற்கு நேர் எதிரே இறங்கலாம் என்பதால் குறுக்குக் காற்று பெரிய பிரச்சினையாகவே இல்லை. நீளமான ஒற்றை ஓடுதளம் வந்த பிறகுதான் வால்சக்கரத்தின் குறை வெளிப்பட்டது.

நம் பகுதிக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை பீளமேட்டில் விமானப் பழுதுபார்க்கும் தளம் ஒன்றை நடத்தியது. அதற்கு வைத்த பெயர் கருடா. சூலூர் தளத்துக்கு வைத்த பெயர் வைரி. அந்தக் காலக் கடற்படை விமானங்களில் பெரும்பாலானவை வால்சக்கரம் கொண்டவை. இன்று அதே சூலூரில் நிற்கும் தேஜஸ் முன்சக்கர விமானம். இந்தியாவில் வடிவமைத்த விமானங்களிலும் இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். 1951-ல் பறந்த எச்டி-2, 1958-ல் பறந்த புஷ்பக் இரண்டும் வால்சக்கரம். 1993-ல் பறந்த ஹன்சா முன்சக்கரம்.

வீட்டில் விமானம் கட்டுவோர் பெருமைப்பட வேண்டிய ஒரு செய்தியும் இந்த வரலாற்றில் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிரெட் வீக் என்ற பொறியாளரும் அவர் சகாக்களும் தங்கள் ஓய்வு நேரத்தில் சொந்தமாகக் கட்டிய டபிள்யூ-1 என்ற விமானம், 1930-களின் நடுவில் சிறு விமானங்களுக்கு முன்சக்கரத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் எர்கூப். குறுக்குக் காற்றில் மூக்கைத் திருப்பி வைத்தபடியே தரையைத் தொடலாம், சக்கரங்களே நேராக்கிவிடும் என்ற துணிச்சலில் அதற்குச் சுக்கான் பெடலே வைக்காமல் விட்டார்கள். பெரிய நிறுவனங்கள் பின்னாலேயே வந்தன. பைப்பர் நிறுவனம் பேஸர் என்ற வால்சக்கர விமானத்துக்கு 1951-ல் முன்சக்கரம் வைத்து டிரை-பேஸர் ஆக்கியது. செஸ்னாவின் வால்சக்கர 170-ஐத் தொடர்ந்து 1956-ல் சந்தைக்கு வந்த முன்சக்கர 172 இன்றும் உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் பறக்கிறது.

இதுவரை படித்தால் முன்சக்கரம் வென்றுவிட்டது போலத் தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். செஸ்னா 172-ன் முன்சக்கரமும் வீட்டில் கட்டும் 500, 600 கிலோ விமானத்தின் முன்சக்கரமும் ஒன்றல்ல.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு முறை வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்ணா, பின்னாடின்னா இத்தனூண்டு சக்கரம் போதுங்கறீங்க, முன்னாடின்னா எதுக்குங்க இவ்வளவு தடியா காலு?" சரியான கேள்வி. பதில் பிரேக்கில் இருக்கிறது. நிற்கும்போது முன்சக்கரத்தின் மேல் மொத்த எடையில் 8 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பாளர்கள் கைக்கொள்ளும் அளவு. அதற்குக் குறைந்தால் திருப்ப முடியாது, மிகவும் கூடினால் புறப்படும்போது மூக்கைத் தூக்கச் சிரமம். 600 கிலோ விமானத்தில் இது 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடைமையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், முன்சக்கரத்துக்கும் பிரதான சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர். புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு அளவுக்குப் பிரேக் பிடித்தால் கூடுதலாக 120 கிலோ முன்சக்கரத்துக்கு மாறும். 70 கிலோ தாங்கிய கால் இப்போது 190 கிலோ தாங்குகிறது. அந்த நேரத்தில் ஒரு பள்ளம் வந்தால், காலைப் பின்னுக்கு மடக்கும் விசையும் சேர்ந்துகொள்கிறது. வால்சக்கரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது; பிரேக் பிடிக்கும்போது அதன் சுமை குறையத்தான் செய்யும். மிதமிஞ்சிப் பிடித்தால் வால் எழும்பிப் புரொப்பெல்லர் தரையில் அடிக்கும், அது வேறு ஆபத்து.

இந்தச் சிக்கலுக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் வேன்ஸ் நிறுவனத்து ஆர்வி வரிசை. உலகில் அதிகமாக வீட்டில் கட்டப்படும் விமானங்களில் இவை முன்னணியில் இருப்பவை. ஆர்வி-6, 7, 9 ஆகிய மூன்றும் இரண்டு வகையிலும் கிடைத்தன. பெயரின் முடிவில் 'ஏ' இருந்தால் முன்சக்கரம். அதன் முன்கால், மேலே எஞ்சின் தாங்கியில் செருகப்பட்டு முன்னோக்கிச் சரிந்து இறங்கும் ஒற்றை எஃகுக் கம்பி. அதன் நுனியில், எந்தப் பக்கமும் தானே திரும்பும் கவையில் சிறிய சக்கரம். மிருதுவான தரையிலோ பள்ளத்திலோ அந்தச் சக்கரம் சிக்கினால் கம்பி பின்னுக்கு வளையும், கவையின் அடியிலிருக்கும் நட்டு தரையைக் குத்தும், அப்புறம் விமானம் அந்த நட்டை ஊன்றித் தலைகீழாகக் கவிழும். இப்படிச் சில நடந்த பிறகு நிறுவனம் கவையை மாற்றி வடிவமைத்து, நட்டு தரையிலிருந்து கூடுதல் உயரத்தில் இருக்கும்படி செய்தது. பின்னால் வந்த ஆர்வி-14ஏ-வில் முன்காலின் அமைப்பையே மாற்றினார்கள். தலைகீழாகக் கவிழ்ந்த விமானத்தில் கண்ணாடி மூடி திறக்காது. அதனால் முன்சக்கரமோ வால்சக்கரமோ, அந்த மூடியை உடைக்க ஒரு சுத்தியலோ உளியோ கைக்கு எட்டும் இடத்தில் கட்டி வைத்திருக்க வேண்டும். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

சரி, நம் தரை எப்படிப்பட்டது? காங்கேயம், மூலனூர், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளை நினைத்துப் பாருங்கள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் முளைத்த மேய்ச்சல் நிலம். தூரத்திலிருந்து பார்த்தால் விமானம் இறக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று தோன்றும். இறங்கி நடந்தால் புல்லுக்கடியில் சரளையும் கைப்பிடி அளவுக் கற்களும், ஆட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த குழிகளும் தெரியும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் வேறு குணம். மழையில் சக்கரத்தை அப்பிப் பிடிக்கும், கோடையில் விரல் நுழையும் வெடிப்பு விடும். சிறிய விட்டமுள்ள முன்சக்கரத்துக்கு இவை இரண்டுமே எமன். சரளையில் இன்னொரு தொல்லையும் உண்டு. வால்சக்கர விமானம் தரையில் ஓடும்போது மூக்கு உயர்ந்திருப்பதால் புரொப்பெல்லர் நுனி கற்களிலிருந்து தள்ளி இருக்கும். முன்சக்கர விமானத்தில் அது தாழ்வாகச் சுழன்று கற்களை உறிஞ்சி நுனியைச் சேதப்படுத்தும்.

புரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிக்கு அமெரிக்கச் சான்றளிப்பு விதிகளில் நீண்டகாலம் இருந்த அளவு: முன்சக்கரத்துக்கு 7 அங்குலம், வால்சக்கரத்துக்கு 9 அங்குலம். வால்சக்கரத்துக்குக் கூடுதல் எதற்கு என்றால், புறப்படும்போது வாலைத் தூக்கி உடலை மட்டமாக்கும் நிலையில் அளப்பார்கள். வாலைச் சற்று மிதமிஞ்சித் தூக்கிவிட்டாலும் நுனி தப்ப வேண்டும். வீட்டில் கட்டும் விமானத்தை இந்த எண்கள் கட்டுப்படுத்தாவிட்டாலும், சரளை ஓடுதளம் என்றால் இதைவிடக் கூட வைப்பதே நல்லது.

தரை வால்சக்கரத்துக்குச் சாதகம் என்றால், காற்று அதற்கு நேர் எதிர்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் முப்பது கிலோமீட்டர் அகலமான பாலக்காட்டுக் கணவாய் வழியாக, வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை மேற்குக் காற்று கொட்டுகிறது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது இந்தக் காற்றுக்காகத்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், 600 கிலோ விமானம் எம்மாத்திரம்? கோவை விமான நிலைய ஓடுதளத்தின் எண்கள் 05, 23. அதாவது தென்மேற்கு நோக்கி இறங்கினால் திசை 230 டிகிரி. நேர் மேற்கிலிருந்து 20 நாட் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொண்டால் இடைப்பட்ட கோணம் 40 டிகிரி. எதிர்க்காற்று 15 நாட், குறுக்கே வருவது 13 நாட். செஸ்னா 172-க்குச் சோதனையில் காட்டிய குறுக்குக் காற்று அளவு 15 நாட். ஆக, ஓரளவு காற்றுக்கு ஏற்ற திசையில் போட்ட ஓடுதளத்திலேயே சாதாரண ஆடி மாதப் பிற்பகல் அந்த அளவை நெருங்கிவிடுகிறது. தோட்டத்து வரப்பை ஒட்டி வடக்குத் தெற்காக நீங்களே ஒரு ஓடுதளம் போட்டால் 20 நாட்டும் குறுக்கேதான் வரும். காற்றாலைப் பகுதியில் அது சீராகவும் வராது, விட்டு விட்டு அடிக்கும். வால் துடுப்பில் அடிக்கும் அந்த விட்டு விட்ட காற்றுதான் மேலே சொன்ன ஐந்து டிகிரிக்குக் காரணம்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். சித்திரை மதியம் 38 டிகிரி இருந்தால், காற்றின் அடர்த்தி 4,400 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். வேகமானியில் அதே எண்ணைக் காட்டினாலும் தரையோடு ஒப்பிட்ட வேகம் சுமார் 7 சதவீதம் கூடும்; தரையைத் தொடும்போது கரைக்க வேண்டிய ஆற்றல் 14 சதவீதம் கூடும். இது இரண்டு வகைக்கும் பொது, ஆனால் கோணலை மன்னிக்காத விமானத்துக்கே அதிகம் வலிக்கும்.

எடை, வேகம், செலவு பற்றி நிறையப் பேசுவார்கள். உண்மையில் வேறுபாடு சிறிது. வால்சக்கரம் சில கிலோ எடை குறைவு, காற்றுத் தடை கொஞ்சம் குறைவு, ஆர்வி போன்ற வேகமான விமானத்திலேயே கிடைப்பது மணிக்கு ஒன்றிரண்டு மைல். இதற்காக ஒரு வகையைத் தேர்ந்தெடுப்பது சரியான காரணமாக எனக்குப் படவில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகப் படுவது பயிற்சி. அமெரிக்காவில் 1991 ஏப்ரலுக்குப் பிறகு வால்சக்கர விமானம் ஓட்டத் தொடங்குகிறவர், அதற்கென்று பயிற்றுநரிடம் தனியாகக் கற்றுக் கையெழுத்து வாங்க வேண்டும். அங்கே அதைக் கற்றுத்தர ஆளும் விமானமும் ஊருக்கு ஊர் உண்டு. நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் இருப்பவை பெரும்பாலும் செஸ்னா 172, டைமண்ட் டிஏ40 மாதிரியான முன்சக்கர விமானங்கள். ஃபிளையிங் கிளப்புகளில் புஷ்பக் பறந்த தலைமுறையோடு அந்தக் கால் பழக்கமும் போய்விட்டது. இந்த நிலையில் கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் வால்சக்கர விமானம் கட்டி முடித்தால், இதற்கு முன் பறந்தே பார்க்காத ஒரு விமானத்தின் சோதனைப் பறத்தலையும், தனக்குப் பழக்கமில்லாத தரையிறக்கத்தையும் ஒரே நாளில், ஒரே ஆளாகச் செய்ய வேண்டி வரும். திறமையுள்ளவர்கள்கூட அப்படிச் செய்யக் கூடாது என்றுதான் சொல்வேன். வெளிநாடு போய் முறையாகக் கற்று, தொடர்ந்து பழக்கத்தில் இருக்க முடிந்தவர் என்றால் கதை வேறு. அவருக்குக் கொறங்காட்டுத் தரை பரிசாகவே அமையும்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை முன்சக்கரம்தான், ஆனால் கரடுமுரடான தரைக்கென்றே வடிவமைத்த முன்சக்கரம். ஜெனித் சிஎச்-701 மாதிரியான குறைந்த வேக விமானங்களில் முன்சக்கரம் பெரிது, டயர் பருமன், காலில் ரப்பர் வடம் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முன்சக்கரம் பெடலோடு நேரடியாக இணைந்தது. குறுக்குக் காற்றில் சுக்கானை ஒரு பக்கம் அழுத்தியபடி இறங்கி, அதே நிலையில் மூக்கை இறக்கினால், சக்கரம் அந்தப் பக்கமே விமானத்தை இழுக்கும். மூக்கு இறங்கும் நொடியில் பெடலை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஆர்வி மாதிரி தானே திரும்பும் சக்கரம் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் மெதுவாக ஓடும்போது திருப்புவது முழுக்க ஒரு பக்க பிரேக்கில்தான்; பிரேக் சூடாகும், தேயும்.

தேர்வைத் தள்ளிப்போடவும் முடியாது. ஆர்வி-7-ல் பிரதான சக்கரக் கால்கள் எஞ்சின் தாங்கியில் பொருந்துகின்றன. 7ஏ-யில் அவை உடற்கூட்டில் பொருந்தி, எஞ்சின் தாங்கியில் முன்கால் வருகிறது. உடற்கூடு கட்டும்போதே இதை முடிவு செய்தாக வேண்டும், பிறகு மாற்றுவது பாதி விமானத்தைப் பிரிப்பதற்குச் சமம். சோனெக்ஸ் மாதிரியான சில வடிவமைப்புகளும் இரண்டு வகையிலும் கிடைக்கின்றன. வரைபடம் வாங்கும் முன்பே எந்தத் தரையில் இறங்கப் போகிறோம், அங்கே ஆனி, ஆடியில் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதை ஒரு வருடம் குறித்துப் பார்த்துவிடலாம். காற்றின் திசை காட்டும் ஒரு துணிப் பையும் ஒரு நோட்டும் போதும்.

கட்டி முடித்த பிறகும் முன்காலைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தானே திரும்பும் சக்கரத்தின் அச்சில் இறுக்கம் குறைந்தால், ஏதோ ஒரு வேகத்தில் அது படபடவென்று ஆடத் தொடங்கி எஞ்சின் தாங்கி வரை அதிர்வைக் கொண்டுபோகும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சில் ஸ்பிரிங் தராசை மாட்டிப் பக்கவாட்டில் இழுத்து, கையேடு சொல்லும் அளவில்தான் அது அசைகிறதா என்று பார்ப்பார்கள். டயரில் காற்று குறைந்தாலும் உருளும் தடை கூடிக் கால் பின்னுக்கு வளையும். பறக்கும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: தொட்ட பிறகும் ஸ்டிக்கைப் பின்னுக்கே பிடித்து, மூக்கைக் காற்று தாங்கும் வரை தாங்கவிட்டு, பிரேக்கை முடிந்தவரை கடைசியில் தொடுவது. செஸ்னாவில் கற்றவர்கள் மூன்று சக்கரத்தையும் ஒன்றாகப் பொத்தென்று வைத்துப் பழகியிருந்தால், அந்தப் பழக்கத்தை முதல் சோதனைப் பறத்தலுக்கு முன்பே, பயிற்றுநரோடு உட்கார்ந்து மாற்றிக்கொள்ள வேண்டும்.